பூட்டிய வீட்டுக்குள் ஆள்

நவம்பர் 16, திங்கள்

பனி. குழாயடியில் முன்னால் நின்றவள் முகம் தெரியவில்லை. என் குடத்தை நகர்த்தின அவள் கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. சண்டை போட நேரமில்லை, விட்டுவிட்டேன்.

இவருக்கு இந்த வாரம் சி ஷிஃப்ட். ராத்திரி முழுக்க பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்துகிற மெஷின் முன்னால் நிற்க வேண்டியது. காலையில் கம்பெனி பஸ், வீடு, மூன்று தோசை, படுக்கை. இருப்பது ஒரே அறை. தையல் மெஷின் ஓட்டக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது. மூச்சு விட்டுக்கொள்ளலாம். வழக்கம்போல வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பூட்டாவிட்டால் பால்காரர், கோலமாவுக்காரி என்று யாராவது வந்து தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த லைன் வீடுகளில் நைட் ஷிஃப்ட்காரர் வீடெல்லாம் இப்படித்தான். வெளியே பூட்டு, உள்ளே குறட்டை.

பால்வாடி வேலை: வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்பது. சரோஜா டீச்சர் சொல்வது: டீச்சர் போய்க் கூப்பிட்டால் ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்துகிறார்கள், பிள்ளை பெற்றவர்களே போய்ப் பேசினால் அனுப்புகிறார்கள். சம்பளம் கிடையாது. சத்துமாவு உருண்டை உண்டு, அதையும் பிள்ளைகள் விட்டால்.

எனக்கு ஜோடி ராமக்கா. இந்த ஓசூர்க்காரி, அவள் பையன் பால்வாடியில்தான் இருக்கிறான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவளுக்கு வாய் ஓயாது. நான் சாத்தூர்க்காரி. என் தமிழே இங்கே பாதிப் பேருக்குப் புரிவதில்லை. அவள் பேசுவாள், நான் எழுதிக்கொள்வேன்.

இன்று போனது:
பச்சைக் கதவு வீடு. இரட்டைப் பிள்ளைகள். "பாக்கலாம்." (போன வாரமும் பாக்கலாம்.)
டீக்கடை பின்புறம். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டுமாம்.
கடைசி லைன் மூலை வீடு. பூட்டு. போன மாதமும் பூட்டு. 'ஆள் இல்லை' என்று எழுதியாயிற்று.

வாங்க: மண்ணெண்ணெய், ரோஸ் நூல், கொக்கி, சின்ன பட்டன்.

ராமக்கா பையனை நிறுத்தி வைத்து மூன்று வயசு ஃப்ராக்குக்கு அளவு எடுத்தேன். ஆம்பளைப் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கில்லைடா ராஜா என்று வெல்லம் கொடுத்துச் சமாதானம்.

நவம்பர் 17, செவ்வாய்

இன்றும் பனி. பத்து மணிக்குப் பிறகு சுள்ளென்று வெயில்.

பச்சைக் கதவு வீட்டுக்காரி இன்று பாக்கலாம் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"ஆமா, உம் புள்ள எந்த பால்வாடிலகீது?"

"ஊர்ல இருக்கா. எங்க மதினிகிட்ட."

"பெத்த புள்ளைய ஊருக்கு அனுப்பிட்டு, எங்கிட்ட வந்து அரை நாளு உட்டுட்டு இருன்னு சொல்றியா? நல்லாகீது நாயம்."

ராமக்கா மூன்று பாஷையிலும் சண்டைக்குப் போனாள். இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் கேட்டதில் தப்பு இல்லையே.

பொன்னிக்கு அப்போது ஒரு வயசு. பல் முளைக்கிற அழுகை. இவர் ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பிரஸ் முன்னால் நின்றுகொண்டே கண்ணசந்து, விரல் தப்பியது யார் செய்த புண்ணியமோ. மெமோ கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து இவருடைய அக்கா வந்திருந்தார்கள். மதினிக்குக் குழந்தை இல்லை. "ஆறு மாசம் நான் வச்சிருக்கேன், தம்பிக்கு ஜெனரல் ஷிஃப்ட் ஆகட்டும்" என்றார்கள். சரி என்று தலையாட்டினது நான்தான். ஜெனரல் ஷிஃப்ட் வரவே இல்லை. ஆறு மாசம் இரண்டு வருஷமாகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு தடவையும் நான் பஸ் ஏறும்போது அவள் அழவில்லை, டாட்டா காட்டினாள்.

இன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. இவரிடம் தலைவலி என்றேன்.

நவம்பர் 19, வியாழன்

ராமக்காவுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். மூலை வீட்டைத் தாண்டும்போது காலடியில் ஏதோ கிர்ரென்று வந்து விழுந்தது. சோடா மூடி.

கதவுக்குக் கீழே இரண்டு விரல் சந்து. சந்துக்குள்ளிருந்து குட்டி விரல்கள். அடுத்து ஒரு புளியங்கொட்டை வெளியே வந்தது. அடுத்து உடைந்த சீப்பு. பிறகு ஒரு குரல், "இய்யி." குடு என்று கேட்கிறது, அந்தளவுக்குத் தெலுங்கு எனக்கும் வந்துவிட்டது.

மூடியை உள்ளே தள்ளினேன். சிரிப்புச் சத்தம். மறுபடி வெளியே வந்தது. தெருவிலே உட்கார்ந்து கதவோடு விளையாடினேன். போகிற வருகிறவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே ஒரு ஆள் குறட்டை விடுவது அப்புறம்தான் காதில் விழுந்தது.

ஆள் இல்லை என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! என் வீட்டு வாசலிலும் அதே மாதிரி பூட்டுத் தொங்க, உள்ளே ஆள் தூங்க, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து நின்றவள் எழுதினது. பூட்டு என்றால் வீடு காலி என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். நான் நினைக்கலாமா?

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "அது மஞ்சு. நாகரத்னா பொண்ணு. அவ பட்டு நூல் எடுக்கறதுக்குப் போயிடுவா. அவன் எப்பவும் நைட்டுதான், ஃபவுண்டரில. பகல்ல தூங்குவான். பொண்ணும் உள்ளயே இருக்கும். சத்தமே போடாது, பாவம்."

சத்தமே போடாது என்றதுதான் மனசை அறுத்துவிட்டது. என் வீட்டில் சத்தம் போட்டவளை ஊருக்கு அனுப்பினோம்.

நவம்பர் 20, வெள்ளி

ராமக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. வாய்க்குக் காய்ச்சலே வரவில்லை. பொழுது சாய நாகரத்னா வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்து இருவரும் போனோம். போகும்போதே என்னென்ன திட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

கெலமங்கலம் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். நாள் முழுக்க வெந்நீரில் பட்டுக்கூட்டை அலசி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பூட்டைத் திறந்ததும் மஞ்சு ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அவளும் எங்களைக் கவனிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் ஆரம்பித்தேன். "ஏம்மா, இம்புட்டூண்டு பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறியே."

"அவரு உள்ளதான இருக்காரு. தீப்பெட்டிய மேல வச்சிடுவேன். சோறு, தண்ணி எல்லாம் வச்சிட்டுத்தான் போறேன். என்னா பண்ணச் சொல்றீங்க?"

"பால்வாடிக்கு விடலாம்ல?"

"பால்வாடி தொறக்கறதுக்குள்ள என்னோட வேலையே ஆரம்பிச்சிடுதே. யாரு கூட்டிக்கினு போவாங்க? எங்க அத்த, ஊருக்கு அனுப்பிடு, நாங்க வளக்கறோம்னு சொல்றாங்க. அனுப்பிட்டா நான் எப்படிக்கா இருக்கறது? சாயங்காலம் வந்தா மூஞ்சியாச்சும் பாக்கறனே."

ராமக்கா என்னைப் பார்த்தாள்.

திட்டப் போனவள் பொறாமையோடு திரும்பி வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பூட்டி வைத்தாலும் அவள் பிள்ளை அவளிடம் இருக்கிறது.

நவம்பர் 22, ஞாயிறு

கறி. இவர் போய் வாங்கி வந்தது, பாதி எலும்பு.

நேற்று சரோஜா டீச்சரோடு பேசி முடிவு: பூட்டின் இன்னொரு சாவியை நாகரத்னா என்னிடம் கொடுத்து வைப்பாள். பால்வாடி திறக்கும் நேரத்தில் நானும் ராமக்காவும் போய்க் கதவைத் திறந்து, மஞ்சுவை வெளியே எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட வேண்டியது. பால்வாடி விடும்போது அவள் அப்பா எழுந்துவிடுவான், அவனிடம் ஒப்படைப்பு.

சாவியை இன்றே வாங்கி வந்துவிட்டேன். முந்தாநாள் வரை யாரென்றே தெரியாதவளிடம் வீட்டையும் பிள்ளையையும் புருஷனையும் சேர்த்துக் கொடுக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "அடுத்தவன் தூங்குற வீட்டத் தொறப்பியா நீயி? அவன் முழிச்சு, திருடின்னு கத்தினா?"

"ராமக்கா கூட இருப்பா."

"ரெண்டு திருடின்னு கத்துவான்."

நானும் சிரித்துவிட்டேன். நல்ல மனுஷன்தான். பேச வேண்டியதைப் பேசாமல் இருப்பது ஒன்றுதான் குறை. எனக்கும் அதே குறை.

நவம்பர் 23, திங்கள்

பனி இல்லை. காற்று.

திறந்தோம்! பூட்டில் எண்ணெய் விட்டிருந்தாள் நாகரத்னா, சத்தமே வரவில்லை. மஞ்சு வாசலை ஒட்டியே தலை வாரி, பொட்டு வைத்து, தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் போர்வையை இழுத்து மூடி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். பொம்பளைகள் வருவார்கள் என்று அவனுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். தூக்கத்தில் இருந்தானோ, வெட்கத்தில் இருந்தானோ.

வெளியே வந்ததும் மஞ்சுவுக்குக் கண் கூசியது. என் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். பால்வாடியில் யாரோடும் பேசவில்லை. சோறு முழுவதும் சாப்பிட்டாள். பாட்டுச் சொல்லும்போது வாயை மட்டும் அசைத்தாள். சத்தம் போடலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே டீச்சருக்கு ஒரு வாரம் ஆகும்.

நவம்பர் 26, வியாழன்

மஞ்சு இன்று கத்தினாள். ராமக்கா பையன் அவள் சோடா மூடியைப் பிடுங்கினான். கடித்தும் விட்டாள். சரோஜா டீச்சர் சந்தோஷத்தில் அவனுக்கு மருந்து போடவே மறந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் தக்காளிக்காரியிடம் நின்றேன். கெலவரப்பள்ளித் தக்காளி, அணைத் தண்ணியில் விளைந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, என் தலைக்குள் திடீரென்று: மஞ்சுவின் அப்பா தூங்குகிற நேரம் முழுக்கப் பிள்ளை பால்வாடியில் இருக்கிறது. எழுந்ததும் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. இவர் தூங்குவதும் அதே நேரம்தானே. பொன்னிக்கும் மூன்று வயசு ஆகிவிட்டதே!

தக்காளி வாங்கவே இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எத்தனை வீட்டு வாசலில் நின்று இதையே சொல்லியிருக்கிறேன். நைட் ஷிஃப்ட் வீடா, பகலில் பிள்ளை இங்கே இருக்கட்டும், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று வாய் வலிக்கச் சொன்னது நான். என் வீட்டுக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை. ஏன்? ஃப்ராக் தைக்கும்போது அவளுக்கு மூன்று வயசு. நினைக்கும்போது மட்டும் இன்னும் ஒரு வயசுப் பிள்ளை. பல் முளைத்து, அழுதுகொண்டு, நடக்கத் தெரியாமல். நான் கொடுத்தனுப்பின அன்றைக்கு எப்படி இருந்தாளோ அப்படியே.

இவரிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"அக்காட்ட எப்படிக் கேக்கறது."

"வாயத் தொறந்துதான்."

"நான் கேக்க மாட்டேன் வசந்தா. அக்கா தாங்காது. அதுக்கு வேற என்ன இருக்கு சொல்லு."

"எனக்கு என்ன இருக்கு?"

கை கழுவப் போய்விட்டார். கோபம் தீரும் வரை மெஷினை ஓட்டினேன். இந்த வாரம் இவருக்கு பி ஷிஃப்ட், பகல் தூக்கம் கிடையாது, ஓட்டலாம்.

நவம்பர் 29, ஞாயிறு

மதினியிடமிருந்து தபால் கார்டு. பெங்களூரில் அவர்கள் வீட்டுக்காரர் வழியில் ஒரு கல்யாணம். அவருக்குக் கடையை விட்டு வர முடியாதாம். புதன்கிழமையே மதினியும் பொன்னியும் இங்கே வந்து தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கல்யாணத்துக்குப் போக வேண்டியது. திங்கள் ஊருக்குத் திரும்புகிறார்களாம்.

வீட்டைக் கழுவினேன். கழுவின வீட்டையே இன்னொரு தரம் கழுவினேன்.

கேட்டுவிட வேண்டும்.

டிசம்பர் 2, புதன்

வந்துவிட்டார்கள். காலையில் ஏ ஷிஃப்ட் போனவர் மதியமே பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றாராம், எனக்குச் சொல்லவில்லை.

உயரமாகியிருக்கிறாள். இரட்டைச் சடை. நான் தைத்து வைத்த ரோஸ் ஃப்ராக் இவளுக்கு முட்டிக்கு மேலேதான் நிற்கும். மதினியின் முந்தானைக்குப் பின்னாலிருந்து என்னை எட்டிப் பார்த்தாள்.

"யாரு சொல்லு, யாரு இது?" மதினி.

"ஓசூரம்மா."

சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மதினியை 'அம்மா', என்னை 'ஓசூரம்மா'. ஊர்ப் பெயர் வைத்து அழைக்கிற பெரியம்மா, சின்னம்மா வரிசையில் எனக்கும் ஒரு இடம். சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். வரவில்லை. பூந்தி கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய் மதினி மடியில் உட்கார்ந்து தின்றாள்.

மதினிக்கு நெற்றியோரம் நரைத்துவிட்டது. பிள்ளைக்கு இருமல் வந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்களாம். சொல்லிக்காட்டவில்லை, பேச்சோடு பேச்சாக வந்தது. கேட்க வேண்டியதை இன்று கேட்கவில்லை.

டிசம்பர் 3, வியாழன்

இன்றும் கேட்கவில்லை.

பால்வாடி வேலைக்குக் கிளம்பினேன். "நானும் வாரேன், வீட்ல அடஞ்சு கெடந்து என்ன செய்ய" என்று மதினியும் பொன்னியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள். ராமக்காவுக்கும் மதினிக்கும் ஐந்து நிமிஷத்தில் சிநேகிதம். இவள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுவது இவளுக்குப் புரியவில்லை. பேச்சு நிற்கவே இல்லை.

மூலை வீட்டைத் திறந்து மஞ்சுவை எடுத்ததை மதினி வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் விவரம் சொன்னேன். "அடப் பாவமே" என்றவர்கள், பிறகு அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பச்சைக் கதவு வீடு. இன்று எனக்கு எங்கிருந்து வந்ததோ பேச்சு. இரட்டைப் பிள்ளைகள், ஒன்று அழுதால் இன்னொன்றும் அழும், அரை நாள் நீயும் உட்காரலாம், அனுப்பினால் பிள்ளை உன்னை மறந்துவிடாது, சாயங்காலம் உன்னிடம்தான் ஓடிவரும், ஒரே ஒரு நாள் அனுப்பிப் பார் என்று மூச்சு விடாமல் பேசினேன். கடைசியில் அவள், "சரி, உடு, நாளைக்கி அனுப்பறேன்" என்றாள். ராமக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

பால்வாடியில் பொன்னி மஞ்சு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதுக்குத் தமிழ் வராது, இதுக்குத் தெலுங்கு வராது. மூடியைத் தள்ளுகிறார்கள், சிரிக்கிறார்கள். மதியம் கூப்பிட்டால் பொன்னி வர மாட்டேன் என்றுவிட்டாள். மதினி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. இப்படியும் ஒரு குணம் எனக்கு.

டிசம்பர் 4, வெள்ளி

இரட்டைகள் வந்தன! இரண்டும் ஒரே ராகத்தில் அழுகை.

மதியம் வீட்டில் மதினியும் நானும் மட்டும். பொன்னி பால்வாடியில், தானே கேட்டுப் போனது. அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். மதினி தலை நிமிராமல் சொன்னார்கள்.

"ஊர்ப் பிள்ளைகளயெல்லாம் வாசல்ல நின்னு கெஞ்சிக் கெஞ்சிக் கேக்குத. எங்கிட்ட ஒரு தடவயாவது கேட்டியா?"

என்ன என்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

"ஒவ்வொரு தடவயும் நீ ஊருக்கு வரும்போது, இன்னைக்குக் கேட்ருவா, இன்னைக்குக் கேட்ருவான்னு வயித்துல நெருப்பக் கட்டிட்டு இருப்பேன். நீ ஃப்ராக்கக் குடுத்துட்டு, கண்ணத் தொடச்சிட்டுப் போயிருவ. பெறகு நெனச்சேன், அவளுக்கு வேணாம்போலன்னு. எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல. ஆனா நேத்து அந்தப் பொம்பளகிட்ட நீ பேசுன பேச்சு இருக்கே..."

"பயமா இருந்துச்சு மதினி."

"என்ன பயம்?"

"நீங்க தர மாட்டேன்னு சொல்லிருவீகளோன்னு பயம். தந்தா நீங்க என்ன செய்வீகளோன்னு பயம். அவ எங்கிட்ட இருக்க மாட்டாளோன்னு பயம்."

"இப்பவும் பயமா?"

"ஆமா."

"பயத்தோடயே கேளு."

கேட்டேன். "மதினி, என் பிள்ளைய எனக்குக் குடுங்க." அவ்வளவுதான் வந்தது. இரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் எங்கே போனதோ.

மதினி அவரைக்காய் முழுவதும் ஆய்ந்து முடித்தார்கள். நாரை எடுத்துப் போய் வெளியே போட்டுவிட்டு அங்கேயே ரொம்ப நேரம் நின்றார்கள். நான் போய்ப் பக்கத்தில் நிற்கத் துணியவில்லை.

டிசம்பர் 5, சனி

காலையில் காபி குடித்துக்கொண்டே மதினி, "நோட்டு எடு" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது:

தயிர் தொட மாட்டாள். மோர் என்றால் குடிப்பாள். தண்ணி ஊற்றி நீ மோர் என்று சொல்ல வேண்டியதுதான்.
தலைக்கு ஊற்றினால் கண்டிப்பாகத் தும்மல். பயப்படாதே.
சடை பின்னும்போது கதை கேட்பாள். எது சொன்னாலும் சரி, நரி வர வேண்டும்.
தூங்கும்போது காதைப் பிடித்துக்கொள்வாள். அவள் காதை இல்லை. நம்ம காதை.
கோழிக்குப் பயம். கோழி இல்லாத ஊருக்கா வந்திருக்கிறாள், பழகிக்கொள்வாள்.
அடிக்காதே. (இரண்டு தடவை சொன்னார்கள். எழுதிவிட்டாயா என்று எட்டியும் பார்த்தார்கள்.)
இருமலுக்கு: துளசி, மிளகு, பனங்கற்கண்டு. டாக்டரிடம் ஓடாதே. அப்படியும் நிற்காவிட்டால் ஓடு.

சொல்லிக்கொண்டே வந்தவர்கள், "அம்புட்டுத்தான்" என்றார்கள். உடனே, "இல்ல, இன்னொண்ணு" என்றார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல, அம்புட்டுத்தான்" என்றார்கள்.

இவர் மெதுவாகப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "போடா அங்கிட்டு" என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார்கள். நான் அடுப்படியில். இந்த வீட்டில் அடுப்படி என்பது நாலு அடி தள்ளி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

கல்யாணம். பெங்களூர் பஸ்ஸில் கூட்டம். பொன்னி தலை மதினி மடியில், கால் என் மடியில். ஒரு கொலுசு தளர்ந்திருந்தது. வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சாம்பாரில் இனிப்பு. இவருக்கு மட்டும் பிடித்தது.

டிசம்பர் 7, திங்கள்

வானம் மூடிக்கிடக்கிறது. தூறல்.

மதினிக்கு சேலம் பஸ். அங்கிருந்து மாறிப் போக வேண்டும். கல்யாணத்துக்காக நேற்று ராத்திரி ஷிஃப்டுக்கு இவர் லீவு போட்டிருந்தார், இன்றைக்கு ராத்திரிதான் வேலை, அதனால் ஏற்றிவிட அவரே கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பால்வாடி வாசலில் நின்றார்கள். பிள்ளைகளுக்குச் சோறு முடிந்து தூங்குகிற நேரம். பாய் வரிசையில் பொன்னி, பக்கத்தில் மஞ்சு.

"எழுப்பட்டுமா மதினி? சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா நான் போக மாட்டேன்."

உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே பார்த்தார்கள். ஃப்ராக் மேலே ஏறியிருக்கிறது, இழுத்துவிடு என்றார்கள். இழுத்துவிட்டேன்.

"முழிச்சதும் எங்கன்னு கேப்பா. கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லாத. ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு. பொய் சொல்லி வளக்கல அவள."

"சரி மதினி."

"தைக்கு வருவேன்னும் சொல்லு. அது பொய் இல்ல. வருவேன்."

குடையைக்கூட விரிக்காமல் நடந்துவிட்டார்கள். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சரோஜா டீச்சர். போகவில்லை.

பொன்னி எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க தாயி. தைக்கு வருவாங்க."

"நானு?"

"நீ இங்க. எங்கூட."

அப்புறம் கீழே போட்டு உடைத்த மாதிரி அழுகை. மற்றப் பிள்ளைகளெல்லாம் எழுந்துவிட்டன, இரட்டைகளும் சேர்ந்துகொண்டன. வாசலுக்கு ஓடினாள். தெருவில் தூறலைத் தவிர யாருமில்லை. தூக்கப் போனேன், தள்ளிவிட்டாள். டீச்சர் போனாள், அவளையும் தள்ளினாள். வாசலுக்கும் பாய்க்கும் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த அறையில் அவளுக்குப் பெரியவர்களில் கொஞ்சமாவது பழகிய முகம் என்னுடையதுதான். அழுதுகொண்டே வந்து என் மடியில் விழுந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

கூப்பிட்டது என்னை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "என்ன தாயி" என்றேன்.